நீச்சல்குளம் வேண்டும் என்று எழுதிய சீட்டை என்ன செய்வது?

மாணவர்கள் கையில் பள்ளிப் பணத்தில் கொஞ்சத்தைக் கொடுத்து, "என்ன செய்யலாம், நீங்களே முடிவு பண்ணுங்கள்" என்று சொன்னால், முதலில் வந்து விழும் சீட்டு நீச்சல்குளம்தான். வருடா வருடம் வரும். அடுத்தது தூங்குவதற்கு ஓர் அறை. அப்புறம் வேகமான வைஃபை, காரமான சிப்ஸ் விற்கும் மெஷின், வீட்டுப்பாட ஒழிப்பு. இடையிடையே யாருமே எதிர்பார்க்காத மாதிரி ஒன்று வரும்: "பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் போடுங்கள்."

நான் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் பக்கம், ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சில வருடங்களாகப் பங்கேற்பு பட்ஜெட் குழுவுக்கும் பொறுப்பாசிரியை. நம் ஊரில் இந்தப் பெயரைக் கேட்டிராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளி நிர்வாகம் ஒரு தொகையை ஒதுக்கும். எங்களுக்கு ஐயாயிரம் டாலர். மாணவர்கள் யோசனை சொல்வார்கள். ஒரு மாணவர் குழு அவற்றைச் செய்யக்கூடிய முன்மொழிவுகளாக எழுதும். பிறகு பிரசாரம், வாக்கெடுப்பு. ஜெயித்ததைப் பள்ளி செய்து கொடுத்தாக வேண்டும்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989ல் தொடங்கி வைத்த முறை இது. சிகாகோவின் 49வது வார்டு 2009ல் எடுத்துக்கொண்டதன் மூலம் அமெரிக்காவுக்கு வந்தது. அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது 2013ல், ஃபீனிக்ஸின் பயோசயின்ஸ் உயர்நிலைப் பள்ளியில். அப்போது ஒதுக்கிய தொகை 2,000 டாலர்தான். போர்ச்சுகல் 2017 முதல் நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் நடத்துகிறது, மாணவருக்கு ஒரு யூரோ என்ற கணக்கில்.

தொகை சின்னதுதான். ஆனால் இந்த ஊரில் இதற்கு வேறொரு கனம் உண்டு. என் வகுப்பில் குடியுரிமைத் தாள் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாருமே எந்தத் தேர்தலிலும் வாக்களித்ததில்லை. பள்ளி வாக்கெடுப்பில் வயதும் கேட்பதில்லை, தாளும் கேட்பதில்லை. பள்ளியில் பெயர் இருந்தால் போதும்.

யோசனை வாங்குவதும் வாக்குப்பெட்டி வைப்பதும் எளிது. அதைப் படம் எடுத்துப் போடவும் நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே, ஆசையை முன்மொழிவாக மாற்றும் சில வாரங்கள் இருக்கின்றனவே, அங்கேதான் பெரியவர்கள் உள்ளே புகுந்து கெடுப்பதும் நடக்கிறது, கைவிட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. அந்த வாரங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது

நீச்சல்குளச் சீட்டைக் குப்பையில் போடக் கூடாது என்பது எங்கள் குழுவின் விதி. "முடியாது" என்ற அடுக்கே மேஜையில் கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சீட்டிடமும் ஒரே கேள்வி கேட்பார்கள்: இது இல்லாததால் யாருக்கு, எந்த இடத்தில், எத்தனை மணிக்குக் கஷ்டம்?

நீச்சல்குளத்திடம் இப்படிக் கேட்டால் பதில் வெயில் என்று வரும். இங்கே பள்ளி ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே திறந்துவிடும். 2023ல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் விடாமல் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸுக்கு மேல் அடித்த ஊர் இது. சாப்பாட்டு இடைவேளையில் முற்றத்தில் நிற்க முடியாது. உள்ளே எல்லோருக்கும் இடம் பத்தாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒரு கம்பத்தின் நிழலில் வரிசையாக நிற்பார்கள், கம்பத்தின் அகலத்துக்கு. நீச்சல்குளம் கேட்ட பையன் இதைத்தான் கேட்டிருக்கிறான். அவனுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்பதில் ஒரு வசதி உண்டு. "பள்ளி போரடிக்கிறது" என்று எழுதியவரைக்கூட ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். இடம் தெரிந்துவிட்டால் அங்கே போய் நிற்கலாம், எண்ணலாம். குழுப் பிள்ளைகளைக் கிளிப்போர்டோடு அனுப்பிவிடுவேன். மதியம் இந்தக் குழாயடியில் எத்தனை பேர் வரிசை, எத்தனை பேர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று குறித்து வர வேண்டும். "எல்லோரும் கஷ்டப்படுகிறார்கள்" என்ற வாக்கியம் அதோடு காணாமல் போகும்.

நிழல் கதை

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு முன்மொழிவு எப்படி வளர்கிறது என்பது இதில் முழுசாக இருக்கிறது.

பிள்ளைகளின் முதல் திட்டம், முற்றத்துக்கு மேலே பெரிய துணிப்பந்தல். இங்கே பூங்காக்களில் இரும்புத் தூண் நட்டு முக்கோணத் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள், அந்த மாதிரி. இணையத்தில் துணியின் விலை பார்த்தார்கள், சில நூறு டாலர். "மிஸ், நாலு வாங்கினாலும் பணம் மிஞ்சும்!" என்று ஒரே குதூகலம்.

எனக்குத் தெரியும், அது நடக்காது என்று. ஆனால் நான் சொல்லவில்லை. இந்த வேலையில் என்னிடம் ஒரு பிடிவாதம் உண்டு: "முடியாது" என்பது என் வாயிலிருந்து வரக் கூடாது, அந்த வேலை தெரிந்தவரின் வாயிலிருந்து காரணத்தோடு வர வேண்டும். டீச்சர் சொன்னால் அது டீச்சரின் மறுப்பு, அவ்வளவுதான். பராமரிப்பு மேலாளர் மண்ணைக் காட்டிச் சொன்னால் அது பாடம்.

மூன்று பேர் பராமரிப்பு மேலாளரிடம் போனார்கள். அவர் அவர்களை முற்றத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார். துணியை எதில் கட்டுவது? சுவரில் கட்டினால் காற்றின் இழுவையைச் சுவர் தாங்குமா என்று பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். தூண் நட்டால் ஆழமாகக் குழி தோண்டி கான்கிரீட் போட வேண்டும். தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்குச் சொன்னால் ஆள் வந்து தரைக்கடியில் கேஸ் குழாய், மின்கம்பி எங்கெங்கே ஓடுகிறது என்று வண்ணத்தால் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் அனுமதி. துணியின் விலை இந்தப் பட்டியலில் கடைசி வரி.

திரும்பி வந்த பிள்ளைகள் சோர்ந்து போயிருந்தார்கள், ஆனால் நிறையக் கற்றும் வந்திருந்தார்கள். அடுத்து, பெரிய குடைகள் வைக்கலாம் என்றார்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இங்கே மழைக்காலப் புழுதிப்புயல் அடிக்கும். குடை பறந்து யார் தலையிலாவது விழுந்தால்? ஒவ்வொரு மாலையும் மடக்கி உள்ளே வைப்பது யார்? துப்புரவுப் பணியாளர் ஒருவரிடம் கேட்டார்கள். தன் மாலை வேலைகளை அவர் ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறார். குடைத் திட்டத்தை அவர்களே கைவிட்டார்கள்.

அப்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அதுவரை கூட்டத்தில் வாயே திறக்காதவள், "இருக்கிற நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தோமா?" என்றாள். மறுநாள் சாக்பீஸோடு கிளம்பினார்கள். காலை மணி அடிக்கும் முன், சாப்பாட்டு நேரத்தில், பள்ளி விடும் நேரத்தில் என்று கட்டட நிழலின் ஓரத்தைத் தரையில் கோடாக வரைந்தார்கள். மதியத்தில் வடக்குச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு நிழல் பட்டை இருந்தது. பள்ளி விடும் நேரத்தில் கிழக்குச் சுவர்ப் பக்கம் அதைவிட அகலமாகவே இருந்தது. இரண்டிலும் ஒருவரும் இல்லை. உட்கார ஒன்றுமே இல்லை என்பதுதான் காரணம். பெஞ்சுகள் எல்லாம் வெயிலில், முற்றத்தின் நடுவில், அழகாக வட்டமாகப் போடப்பட்டிருந்தன.

முன்மொழிவு பெஞ்சாக மாறியது இப்படித்தான். அதிலும் கேள்விகள் இருந்தன. வெறும் இரும்பு சுடும், ஆகவே பிளாஸ்டிக் பூச்சுப் போட்டது வேண்டும். தரையில் போல்ட் அடிக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் பக்கத்தில் வந்து நிற்க பெஞ்சின் ஓரத்தில் சமதளமாக இடம் விட வேண்டும். அவசர வழிக் கதவை மறைக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்தச் சாக்பீஸ் கோட்டின் படம் வாக்குச்சீட்டு விளக்கத்தில் இடம் பிடித்தது. அதைவிட நல்ல பிரசாரம் எதுவும் எங்களுக்கு அமைந்ததில்லை.

விலை என்று இணையத்தில் இருப்பது விலை அல்ல

கணக்கு டீச்சர் என்பதால் இந்தப் பகுதி எனக்குப் பிடித்தது. திரையில் தெரியும் விலையோடு என்னவெல்லாம் சேரும் என்று பிள்ளைகளே பட்டியல் போட வேண்டும். எங்கள் ஊர் விற்பனை வரியே எட்டு ஒன்பது விழுக்காடு. பெரிய பொருளுக்குப் போக்குவரத்துச் செலவு பொருளின் விலையில் பாதிகூட வரலாம். லாரியிலிருந்து கனமான பெட்டியை இறக்க, பின்னால் ஏறி இறங்கும் மேடை வைத்த வண்டி வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கட்டணம். பொருத்துகூலி. இவ்வளவுக்கும் மேல் பத்து விழுக்காடு கைகாவலாக வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் வாங்கப்போவது இன்னும் சில மாதம் கழித்துத்தான்.

இன்னொன்று, பள்ளி நினைத்த கடையில் வாங்க முடியாது. பள்ளி மாவட்டம், அதாவது எங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், ஒப்புக்கொண்ட விற்பனையாளர் பட்டியல் ஒன்று இருக்கும். அதைப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். பாவம், எங்கோ மலிவாகப் பார்த்து முன்மொழிவை முழுதாக எழுதி முடித்த பிறகு "அந்தக் கம்பெனி பட்டியலில் இல்லை" என்று கேட்பது கொடுமை.

கொட்டேஷன் வாங்கப் போன் செய்ய வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குப் போனில் பேசுவது பரீட்சையைவிடப் பயம். நாள் முழுக்கப் போனும் கையுமாக இருப்பவர்கள், மணி அடித்து அந்தப் பக்கம் மனிதக் குரல் கேட்டதும் வெலவெலத்துப் போகிறார்கள்! யார் பேசுகிறேன், என்ன வேண்டும், எந்த அளவு, எழுத்தில் எப்போது கிடைக்கும் என்று நாலு வரி எழுதிக் கொடுத்து, இரண்டு பேராக உட்கார்ந்து ஒத்திகை பார்க்கச் சொல்வேன். நான் பக்கத்தில் இருப்பேன், ரிசீவரை வாங்க மாட்டேன். ஒரு மாணவி ஆங்கிலத்தில் தடுமாறுகிறாள் என்று மற்றவர்கள் அவளுக்குப் போன் வேலையே கொடுக்கவில்லை. அவளோ தோட்ட வேலை பார்க்கும் தன் மாமாவை ஸ்பானிய மொழியில் அழைத்து, கான்கிரீட்டில் போல்ட் அடிக்கும் கூலி என்ன, என்ன நீளத்துக்கு ஆணி வேண்டும் என்று கால் மணி நேரத்தில் விசாரித்து வந்துவிட்டாள். பிறகு கூலி விவரத்துக்கு எல்லோரும் அவளிடம்தான் போனார்கள்.

மூன்றாம் வருடம் யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஒவ்வொரு முன்மொழிவின் கடைசியிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பொறுப்பின் பெயரோடு பதில் இருக்க வேண்டும். "பள்ளி பார்த்துக்கொள்ளும்" என்பது பதில் இல்லை. பள்ளி என்று ஓர் ஆள் கிடையாது.

தண்ணீர் பாட்டில் நிரப்பும் குழாய் எல்லாப் பள்ளிகளிலும் கேட்கப்படுவது. பிள்ளைகள் மெஷின் விலையை எழுதிவிடுவார்கள். அதற்குள் வடிகட்டி உண்டு. பள்ளிகளில் பரவலாக இருக்கும் வகையில் ஒரு வடிகட்டி 3,000 கேலன், அதாவது சுமார் 11,000 லிட்டர் வரை வரும். ஆயிரத்துச் சொச்சம் பேர் படிக்கும் பள்ளியில், இந்த வெயிலில், அது எத்தனை நாளைக்கு என்று கணக்குப் போடச் சொன்னேன். ஆளுக்கு அரை லிட்டர் என்றாலும் ஒரு மாதம் தாங்கவில்லை. "சிவப்பு விளக்கு எரியும்போது மாற்றுவது யார், எந்தப் பணத்தில்?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. குளிர்ந்த நீர் வேண்டுமென்றால் பக்கத்தில் மின் இணைப்பு வேண்டும், தண்ணீர் வரும் முனை சக்கர நாற்காலிக்கு எட்டும்படி தரையிலிருந்து 36 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

இதே கேள்வி ஒரு திட்டத்தைக் காப்பாற்றியும் இருக்கிறது. பெண்கள் கழிப்பறைகளில் சானிட்டரி நாப்கின் பெட்டி வைக்க வேண்டும் என்று சில மாணவிகள் கொண்டுவந்தார்கள். முதல் கூட்டத்தில் பையன்கள் சிரித்தார்கள். நான் அதட்டவில்லை. "மூன்றாம் வருடம்?" என்று மட்டும் கேட்டேன். மாணவிகள் நர்ஸிடம் போய் விசாரித்தார்கள். நாப்கின் ஏற்கெனவே நர்ஸ் அறையில் இருக்கிறது, வருடா வருடம் வாங்குகிறார்கள். பிரச்சினை, வகுப்பில் அனுமதிச் சீட்டு வாங்கி, கட்டடத்தின் மறுமுனைக்கு நடந்து, அங்கே காத்திருந்து வாங்குவதுதான். ஒரு தடவைக்கு எவ்வளவு வகுப்பு நேரம் போகிறது என்று அளந்து எழுதினார்கள். கேட்டது சுவர்ப் பெட்டிகளுக்கு மட்டும், ஒருமுறைச் செலவு. உள்ளே நிரப்ப நர்ஸ் அறையின் கையிருப்பே போதும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். அந்த வருடம் வந்த முன்மொழிவுகளிலேயே மிகக் கச்சிதமானது அதுதான். இரண்டாம் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

பேனா யார் கையில்

உதவி செய்யும் பெரியவருக்கு வரும் பெரிய சபலம், வாக்கியத்தைத் திருத்திக் கொடுப்பது. நான் பக்க ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுவேன். கூகுள் டாக்கில் எனக்குத் திருத்தும் அனுமதியே வேண்டாம், கருத்துச் சொல்லும் அனுமதி போதும் என்று அவர்களிடமே சொல்லி வைத்துவிட்டேன். நல்ல ஏற்பாடு, கை அரிக்கும்போது உதவுகிறது.

இப்போது வேறு ஒரு பேனாவும் வந்துவிட்டது. சாட்ஜிபிடியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் பளபளவென்று ஒரு முன்மொழிவு வரும். "மாணவர் நல்வாழ்வை மேம்படுத்தும் உகந்த சூழல்" என்று தொடங்கும். தடை போட்டுப் பயனில்லை. நான் வைத்திருப்பது ஒரு சோதனை: பள்ளியின் பெயரைக் கையால் மறைத்துவிட்டுப் படி, இது வேறு எந்தப் பள்ளிக்கும் பொருந்துமா? பொருந்தினால் அந்தப் பத்தி போகட்டும். "வடக்குச் சுவர், மதிய நேரம், முப்பது பேர்" என்பது எந்த மெஷினுக்கும் தெரியாது. அதுதான் முன்மொழிவு. மற்றது வெறும் மேலுறை.

ஒரே மாதிரி இரண்டு முன்மொழிவு வந்தால் சேர்க்கலாமா என்பது எப்போதும் வரும் தகராறு. சேர்க்காவிட்டால் வாக்குப் பிரியும். சேர்த்தால் "பெஞ்சும், செடியும், கொஞ்சம் பெயின்ட்டும்" என்று எதுவுமே உருப்படாத கலவையாகிவிடும். இடமும் நேரமும் ஒன்றாக இருந்தால் சேருங்கள், பொருள் மட்டும் ஒன்றாக இருந்தால் வேண்டாம் என்பது என் கட்சி. குழு இதை ஒருமுறை வாக்கெடுத்து நிராகரித்தது, அதுவும் சரிதான்.

குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். விட்டால் மாணவர் மன்றத்தில் ஏற்கெனவே இருக்கும் பத்துப் பேரே இங்கும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி ஏறும் அல்லவா. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், சிறப்புக் கல்வி வகுப்புப் பிள்ளைகள், தாமத வருகைக்காகத் தினமும் அலுவலகத்தில் நிற்பவர்கள், இவர்களை நேரில் போய் அழைக்க வேண்டும். ஒலிபெருக்கி அறிவிப்பை நம்பி அவர்கள் வர மாட்டார்கள். கூட்டத்தைப் பள்ளி முடிந்த பிறகு வைத்தால் பஸ்ஸில் போகும் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் பிள்ளைகளும் விடுபட்டுப் போவார்கள். எங்களுக்குச் சாப்பாட்டு நேரமும் பீட்சாவும்தான் கைகொடுத்தன.

வாக்குச்சீட்டுக்கு வராதவை

இருநூறு யோசனை வந்தால் வாக்குச்சீட்டில் ஏறுவது நாலைந்து. மற்றவற்றை எழுதியவர்களுக்கு ஏன் வரவில்லை என்று பதில் போக வேண்டும். பொதுவாக ஒட்டும் நோட்டீஸ் போதாது. குழுப் பிள்ளைகள் இரண்டிரண்டு வரி எழுதி வகுப்பு வாரியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அடுத்த வருடம் சீட்டு எழுத ஆள் வேண்டுமே.

பணமே தேவையில்லாத யோசனைகளைத் தனி உறையில் போட்டு முதல்வரிடம் நேரே கொடுத்துவிடுங்கள். பாத்ரூம் தாழ்ப்பாள் அந்த உறையில்தான் போனது. அது பழுது, திட்டம் அல்ல. பழுதுபார்ப்பைப் பிள்ளைகளின் பட்ஜெட்டில் தள்ளிவிடும் ஆசை நிர்வாகங்களுக்கு உண்டு. அதற்கு மட்டும் நான் குறுக்கே நிற்பேன். கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒரு பிள்ளை ஓட்டுக் கேட்டுப் பிரசாரம் செய்ய வேண்டியதில்லை. உறை கொடுத்த அந்த வாரமே தாழ்ப்பாள் வந்துவிட்டது.

வாக்குச்சீட்டு விளக்கம் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இருக்கும், திட்டத்துக்கு ஐம்பது சொல்லுக்குள். எழுதியவரல்லாத ஓர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் இடத்தை மாற்றுங்கள்.

கடைசியாகக் காலக்கணக்கு. இங்கே பள்ளி நிதியாண்டு ஜூன் 30ல் முடிகிறது. ஆனால் பர்ச்சேஸ் ஆர்டர் போடும் கதவு அதற்கு வெகு முன்பே, ஏப்ரல் வாக்கில் மூடிவிடும். மார்ச் நடுவில் ஒரு வாரம் விடுமுறை வேறு. பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத்தில் போய்விடும். ஆகவே வாக்கெடுப்பை மார்ச் முதல் வாரத்தில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: முன்மொழிவு எழுத ஆறு வாரமாவது, கொட்டேஷனுக்கு அதில் மூன்று, யோசனை சேர்க்க அக்டோபர். கொட்டேஷனை எழுத்தில் வாங்கும்போது அது எந்தத் தேதி வரை செல்லும் என்றும் கேட்டு வாங்கிவிடுங்கள். பல கம்பெனிகளின் தாள் முப்பது நாளில் காலாவதியாகிவிடும், ஜனவரியில் வாங்கியது மார்ச்சில் செல்லாது.